நிறம் கேட்ட மஞ்சள்

ஆண்டில் இரண்டு மூன்று தடவைகளாவது என் கைத்தொலைபேசிக்கு ஒரு பட்டியல் வந்து சேர்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்றும்படி பெற்றோரை எச்சரிக்கும் ஒரு தலைப்பு. அதன் கீழே ஈ-102, ஈ-220, ஈ-330, ஈ-621 என்று வரிசையாக எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே புற்றுநோய், சிறுநீரகக் கேடு, மலட்டுத்தன்மை என்று ஏதாவது ஒரு தண்டனை. இறுதியில், குறைந்தது பத்துப் பேருக்காவது அனுப்பி வைக்கும்படி ஒரு கட்டளை. அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள், என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர்கள் அஞ்சுவது உண்மையாகவே அஞ்சுவதுதான்.

செய்தியறையிலே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்கு இந்தப் பட்டியல் நெடுநாள் அறிமுகம். கைத்தொலைபேசிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது தட்டச்சுப் பிரதியாகவும், பின்னர் எழுத்துகள் மங்கி ஓரங்கள் கறுத்த நிழற்படப் பிரதியாகவும் ஆசிரிய பீடத்துக்குத் தபாலில் வரும். கூடவே, மக்கள் நலன் கருதிப் பிரசுரிக்குமாறு கேட்டு ஒரு கடிதமும் இருக்கும். பட்டியலைத் தயாரித்தவர் யார் என்ற கேள்விக்கு அந்தக் கடிதங்களில் ஒருபோதும் விடை இருந்ததில்லை.

அதன் பூர்வீகம் பிரான்ஸ். 1976 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தட்டச்சில் அடித்த ஒரு துண்டுப்பிரசுரம் அங்கே கைக்குக் கை மாறத் தொடங்கியது. பாரிஸ் நகரின் தெற்கே வில்ஜூயிஃப் என்ற ஊரில் பெயர்பெற்ற புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று உண்டு. அந்த ஊரின் பெயர் எப்படியோ அந்தத் துண்டுப்பிரசுரத்தில் ஒட்டிக்கொண்டது. இது தங்களுடையது அன்று என்று வைத்தியசாலை நிர்வாகம் மறுத்தது. மறுப்புக்கு என்றைக்குக் கால் இருந்திருக்கிறது? பாடசாலைகளிலே பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். வைத்தியசாலைகளிலும் அது புழங்கியது. பத்தாண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவின் பல நாடுகளை அது சுற்றி வந்தது. எழுதியவர் யார் என்பது இறுதிவரை தெரியவரவில்லை. வதந்திகளை ஆராய்ந்த ஜோன் நோயல் கப்ஃபெரர் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைப் பற்றித் தனியாகவே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

அந்தப் பட்டியலில் எல்லாவற்றிலும் கொடியது என்று குறிக்கப்பட்டிருந்தது ஈ-330. அது வேறொன்றுமன்று, சித்திரிக் அமிலம். தேசிக்காயிலும் தோடம்பழத்திலும் புளிப்பாக இருப்பது அதுவே. நமது உடம்பின் உயிர்க்கலங்கள் உணவைச் சக்தியாக மாற்றும்போது கணத்துக்குக் கணம் உண்டாவதும் அதுவே. இந்தச் சுழற்சியை 1937 இல் விளக்கியவர் ஹான்ஸ் கிரெப்ஸ். பின்னர் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அவருடைய பெயராலேயே அது கிரெப்ஸ் சுழற்சி எனப்படுகிறது. ஜேர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்றால் புற்றுநோய். எங்கோ யாரோ ஒருவர் இந்தப் பெயரைக் கண்டு குழம்பியதுதான் தேசிக்காய்ப் புளியைப் புற்றுநோய்க் காரணியாக்கியது என்று ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. பொருத்தமான விளக்கமாகவே எனக்குப் படுகிறது.

லண்டனில் இருக்கும் என் தம்பியின் மகள் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தாள்.

"பெரியப்பா, பிள்ளையின்ரை பிஸ்கட் பெட்டியிலை 330 எண்டு போட்டிருக்கு. எறியட்டோ?"

"அப்ப தேசிக்காயையும் எறியப் போறியோ பிள்ளை?"

சிரித்தாள். ஆனால் விடவில்லை. "அப்ப எதைத்தான் பெரியப்பா பாத்து வாங்கிறது?"

இந்தக் கேள்விக்குத் தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் பற்றி. 'ஈ' என்பது ஐரோப்பாவைக் குறிக்கும் எழுத்து. அதற்குப் பின்னால் ஓர் எண் வந்தால், அந்தப் பொருள் ஐரோப்பாவில் உணவில் சேர்ப்பதற்கு அனுமதிக்கப்பட்டது என்று பொருள். எவ்வளவு சேர்க்கலாம், எந்த உணவில் சேர்க்கலாம் என்பதும் எழுதிவைக்கப்பட்டிருக்கும். வினாகிரியின் புளிப்பான அசெற்றிக் அமிலத்துக்கு 260. விற்றமின் சி-க்கு 300. வரிசையின் தலைமகனாக ஈ-100 என்ற எண்ணைப் பெற்றிருப்பது குர்குமின். மஞ்சளுக்கு நிறம் தருகிற, மஞ்சளிலிருந்தே பிரித்தெடுக்கிற பொருள். நமது அம்மியில் அரைபட்டது அங்கே ஐரோப்பியப் பட்டியலில் முதலாவதாக உட்கார்ந்திருக்கிறது.

இவ்வாறு சொல்வதால் எண் பெற்றவை அனைத்தும் குற்றமற்றவை என்று நான் வாதிடுவதாக வாசகர்கள் எண்ணிவிடக்கூடாது. டார்ட்ராசின் என்ற ஈ-102 உட்பட ஆறு செயற்கை நிறங்களைப் பற்றி, பிரித்தானியாவின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2007 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறுவர்களின் நடத்தையில் அவை பாதிப்பை உண்டாக்கக்கூடும் என்பது அதன் சாரம். அதன் பின்னர், 2010 ஜூலை முதல், அந்த நிறங்கள் சேர்ந்த உணவுப் பொதிகளில் எச்சரிக்கை வாசகம் இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. வெண்ணிறம் கொடுக்கும் டைட்டேனியம் டைஒக்சைட்டு, அதாவது ஈ-171, 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுகளிலிருந்து முற்றாக விலக்கப்பட்டது. சிவப்பு 3 என்ற நிறத்துக்கு உணவில் இருந்த அனுமதியை அமெரிக்கா 2025 ஜனவரியில் மீளப்பெற்றது. எண் உள்ள பொருளை விசாரணைக்கு அழைக்கலாம். அது குற்றவாளி என்று கண்டால் பட்டியலிலிருந்து நீக்கலாம். பெயரும் விலாசமும் உள்ளவர்மீதுதானே வழக்குத் தொடர முடியும்?

(621 என்பது அஜினமோட்டோ. அதைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல் விலகுகிற நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்புத்தான் தகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவருடைய காலை உணவிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும். அவருக்கு இரத்த அழுத்தமும் இருக்கிறது. அது வேறு கதை.)

என்னுடைய கவலை எண் இல்லாத பொருள்களைப் பற்றியது. அவற்றுள்ளும் ஒன்றைப் பற்றி மட்டும் இங்கு சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் ஈயக் குரோமேற்று. ஈயமும் குரோமியமும் சேர்ந்த, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறப் பொடி. சாயப் பூச்சுகளுக்குப் பயன்பட்டு வந்தது. உணவுக்கான எந்த நாட்டுப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. ஆகவே நமக்கு வரும் எச்சரிக்கைப் பட்டியல்களிலும் அது இடம்பெறுவதில்லை.

பங்களாதேசத்தின் கிராமப்புறங்களில் கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வாளர்கள், அங்கு தொழிற்சாலைகளோ வாகன நெரிசலோ இல்லாதிருந்தும் ஈயத்தின் அளவு கூடுதலாக இருக்கக் கண்டனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தாரும் டாக்காவிலுள்ள ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து காரணத்தைத் தேடினர். மண், தண்ணீர், பூச்சிமருந்து, தகர டின் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போய் இறுதியில் அவர்கள் வந்து நின்ற இடம் அடுப்பங்கரை. மஞ்சள்! இது 2019 இல் வெளியிடப்பட்டது.

எப்படிச் சேர்ந்தது என்பதையும் அவர்கள் விசாரித்து எழுதியிருக்கிறார்கள். பறித்த மஞ்சட் கிழங்கை அவித்து, வெயிலில் காயவைத்து, பின்னர் பீப்பாய் போன்ற உருளையில் போட்டுச் சுழற்றித் தோலைத் தேய்த்து மெருகூட்டுவார்கள். அந்த மெருகூட்டும் கட்டத்தில்தான் நிறப்பொடி தூவப்பட்டது. 1980களில் ஒரு பெருவெள்ளம் வந்து, கிழங்கு சரியாகக் காயாமல் கறுத்துப்போன காலத்தில் இந்த வழக்கம் தொடங்கியது என்று அங்குள்ளவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்துவிட்டது. வழக்கம் வடியவில்லை. ஏனென்றால், பளிச்சென்ற மஞ்சளுக்கு வாங்குகிறவர்கள் பழகிவிட்டார்கள். மங்கிய மஞ்சளைப் பழையது என்றும் தரமற்றது என்றும் ஒதுக்கினார்கள். நஞ்சைத் தூவிய கைகளில் பலவற்றுக்கு அது நஞ்சு என்றே தெரிந்திருக்கவில்லை. அந்தப் பொடியைச் சுவாசித்து முதலில் கெட்டதும் அவர்களுடைய உடம்புதான்.

ஈயம் சமைப்பதால் அழிவதில்லை. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அங்கேயே இருக்கும். சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. படிப்பில் மந்தமாகவும் கவனக் குறைவாகவும் அது பின்னர் வெளிப்படும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்கு அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிள்ளை வகுப்பில் பின்தங்கினால் நாம் வாத்தியாரைக் குறை சொல்வோம், பிள்ளையை ஏசுவோம். கறிச்சட்டியைத் திரும்பிப் பார்ப்போமா?

பங்களாதேசம் செய்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது. 2019 இல் செய்தி வெளியானதும் பத்திரிகைகள் அதைப் பெரிதாக எழுதின. உணவுப் பாதுகாப்பு அதிகார சபை சந்தைகளில் பல்லாயிரம் அறிவித்தல்களை ஒட்டியது. டாக்காவின் மொத்த விற்பனைச் சந்தைக்கு, பொருளை உடைக்காமலே ஈயத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு கைக்கருவியுடன் அதிகாரிகள் சென்றனர். பிடிபட்ட வியாபாரிகளுக்கு அங்கேயே தண்டம் விதிக்கப்பட்டது. அது தொலைக்காட்சியிலும் வந்தது. 2019 இல் நாடு முழுவதும் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021 இல் அது பூச்சியமாயிற்று. நாற்பத்தேழிலிருந்து பூச்சியம். நமது பிராந்தியத்திலிருந்து இப்படியான ஒரு செய்தி வருவது அபூர்வம்.

அயலில் நிலைமை என்ன என்று அதே ஆய்வாளர்களும் வேறு சிலரும் பார்த்தனர். இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் 23 நகரங்களில் 2020 டிசம்பர் முதல் 2021 மார்ச் வரை 356 மாதிரிகள் வாங்கப்பட்டன. அவற்றில் 14 சதவீதமானவற்றில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. பட்னாவிலும் கராச்சியிலும் பெஷாவரிலும் ஆயிரம் மைக்ரோகிராமை எட்டிய மாதிரிகளும் கிடைத்தன. 2024 இல் வெளியான அந்த முடிவுகள் நமது தமிழ்ப் பத்திரிகைகளில் எத்தனை அங்குலம் இடம் பெற்றன என்று தேடிப் பார்த்தேன். அதைச் சொல்லித் தொழில் நண்பர்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

அந்த மாதிரிகள் வாங்கப்பட்ட மாதங்கள் இலங்கைக்கு ஒரு விசித்திரமான காலம் என்பதை இங்கு நினைவூட்டவேண்டும். உள்ளூர் விவசாயிகளை ஊக்குவிப்பதாகக் கூறி, 2019 டிசம்பரில் மஞ்சள் இறக்குமதிக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. நாம் பாவித்த மஞ்சளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அடுத்த சில மாதங்களில் கொரோனா. வாசலில் மஞ்சள் நீர் தெளித்து வேப்பிலை கட்டினோம். சுடுதண்ணீரில் மஞ்சள் போட்டுக் குடித்தோம். தேவை ஏறியது, வரத்து நின்றது. உச்ச விலை வர்த்தமானியில் இருந்தது. கடையில் ஒரு கிலோ பல ஆயிரம் ரூபாவுக்குப் போயிற்று. ஒரு காலத்தில் வேறு பொருள்களுக்குப் பேர்போன மன்னார்க் கடலிலும் கற்பிட்டிக் கரையிலும் கடற்படையினர் மஞ்சள் மூட்டைகளைக் கைப்பற்றிய செய்திகள் நாள்தோறும் வந்தன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் அதிகாரிகள் சோதனையிட்ட இடங்களில் கோதுமை மாவும் அரிசி மாவும் கலந்த மஞ்சள்தூள் அகப்பட்டது.

மாவு கலந்தால் நட்டம் பணத்துக்கு மட்டுந்தான். ஆனால் வெள்ளை மாவைக் கலந்தால் தூள் வெளிறும் அல்லவா? வெளிறிய தூளை யார் வாங்குவார்கள்? அங்கேதான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. வெளிறலை மறைக்க இன்னொரு நிறம் தேவைப்படும். இரவில் படகில் வந்த மூட்டைக்கு எந்த ஆய்வுகூடத்தின் சான்றிதழ் இருந்திருக்கும்?

புறக்கோட்டையில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். தந்தை காலத்திலிருந்தே தொழிலில் இருப்பவர். மறைத்துப் பேசத் தெரியாதவர். தம் கடையிலிருந்த இரண்டு வகைக் கிழங்கை எடுத்து என் கையில் தந்தார். ஒன்று மெருகூட்டப்பட்டு எலுமிச்சை நிறத்தில் மினுங்கியது. மற்றது மண்ணின் நிறத்தோடு, தோல் சுருங்கி, அழகில்லாமல் இருந்தது. "ஐயா, எங்கட வீட்டுக்கு நான் கொண்டு போறது இந்த வடிவில்லாததுதான். ஆனா கடைக்கு வாறவை இதைத் தொட்டும் பாக்க மாட்டினம்" என்றார்.

தூளாவதற்கும் கிழங்காக இருப்பதற்கும் இடையில்தான் எல்லாமே நடக்கிறது என்பதற்கு இன்னோர் உதாரணமும் இருக்கிறது. இதில் நமது நாட்டின் பெயரும் சம்பந்தப்பட்டிருந்தது. 2023 இன் பிற்பகுதியில், அமெரிக்காவில் குழந்தைகளுக்கென விற்கப்பட்ட, கறுவா சேர்த்த அப்பிள்கூழில் ஈயமும் குரோமியமும் இருப்பது தெரியவந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சின்னஞ்சிறு பிள்ளைகள், பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. கூழ் தயாரானது தென்னமெரிக்காவின் எக்குவடோரில். கறுவாப்பட்டை போனது இலங்கையிலிருந்து. கேட்டவுடன் எனக்குப் பகீரென்றது. ஆனால் பட்டையாக இருந்த கறுவாவைச் சோதித்தபோது அதில் ஈயக் கலப்பு இல்லை. எக்குவடோரில் அதை அரைத்துத் தூளாக்கிய இடத்திலேயே கலப்பு நேர்ந்திருக்கவேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 இல் அறிவித்தது. பட்டை தப்பியது, தூள் அகப்பட்டது.

மிளகாய்த்தூளின் கதையும் இதேதான். துணிக்கும் மெழுகுக்கும் நிறமூட்டும் சூடான் 1 என்ற சாயம் மிளகாய்த்தூளில் இருப்பதை 2003 இல் பிரான்ஸ் கண்டுபிடித்தது. 2005 பெப்ரவரியில் பிரித்தானியாவில், அந்தச் சாயம் கலந்த இந்திய மிளகாய்த்தூளைக் கொண்டு செய்த ஒரு சுவைச்சாறு காரணமாக நானூறுக்கும் மேற்பட்ட உணவு வகைகள் கடைத் தட்டுகளிலிருந்து அகற்றப்பட்டன. அங்கும் கேட்கப்பட்டது நிறம், கொடுக்கப்பட்டதும் நிறம்.

யாழ்ப்பாணத்துத் தாய்மார் செத்தல் மிளகாயையும் கொத்தமல்லியையும் தாமே பார்த்து வாங்கி, காயவைத்து, வறுத்து, பக்கத்தில் நின்று மில்லில் அரைப்பித்து, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குப் பொதியாக அனுப்புகிறார்களே, அதைப் பழைமைவாதம் என்று சிலர் பரிகசிப்பதுண்டு. நான் பரிகசிக்கமாட்டேன். அந்தத் தூளுக்கு விலாசம் உண்டு. ஆயினும் அந்த வரிசையில் ஓர் ஓட்டை இருக்கிறது. மிளகாயைத் தெரிந்தெடுக்கும் அதே அம்மா, மஞ்சளை மட்டும் பெரும்பாலும் கடையில் பொதியாக, தூளாக வாங்கிவிடுகிறார். கிழங்கை உடைப்பதும் அரைப்பதும் சிரமம் என்பதே காரணம். தம்பியின் மகளுக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறேன்: மினுங்காத கிழங்காகப் பார்த்து வாங்கு, கழுவிக் காயவைத்து நீயே அரைத்துக்கொள். கறி சற்று மங்கலாக வரும், வரட்டும்.

கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு மஞ்சள்தூளைப் போட்டால் கலப்படம் தெரிந்துவிடும் என்று இன்னொரு செய்தி சுற்றுகிறது. ஈயம் இருக்கிறதா இல்லையா என்பதை அதனால் உறுதிப்படுத்த முடியாது. ஆய்வுகூடம் வேண்டும், கருவி வேண்டும். ஒரு வீட்டுக்காரியின் கெட்டித்தனத்தால் தீர்க்கக்கூடிய விடயமன்று இது. பங்களாதேசத்திலும் வீட்டுக்காரிகள் தீர்க்கவில்லை. அந்தச் சந்தைக்குக் கருவியோடு போன அதிகாரிகள் தீர்த்தார்கள்.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. கடைக்குள் நுழைந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்னர் அவர்கள் கடைகளுக்குப் போகிறார்கள். காலாவதியான பிஸ்கட்டும் புழுப்பிடித்த அரிசியும் பிடிபட்டதாகப் படத்துடன் செய்தி வருகிறது. மறுமுறை அவர்கள் போகும்போது மஞ்சள்தூளிலும் ஒரு பொதியை எடுக்கட்டும். ஈயத்துக்கென்றே சோதிக்கட்டும். முடிவு நல்லதோ கெட்டதோ, எந்தச் சந்தை, எத்தனை மாதிரி, எவ்வளவு ஈயம் என்று எண்களோடு சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடட்டும். அந்தப் பட்டியலைப் பத்துப் பேருக்கு அனுப்ப நான் தயார்.